பேதுரு எந்திரிச்ச பந்தி

சாதியை விடாத கிறிஸ்தவர் ஒருவரிடம் வாயைக் கொடுத்துப் பாருங்கள். உடனே வேதம் பேசுவார். "ஆதிச் சபையிலயே யூதன் அவன் வழக்கத்தோட இருந்தான், புறஜாதியான் அவன் வழக்கத்தோட இருந்தான். சாதியும் அப்படித்தான், லௌகீக ஆசாரம்." தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருநூறு வருஷமாகப் புளிக்கிற மாவு இது.

அந்த வேதத்தையே திறப்போம். கி.பி. 50 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் முன்னால் ஒரு கேள்வி: இயேசுவை நம்பும் புறஜாதியான் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டத்துக்குள் வந்தாக வேண்டுமா? வேண்டாம் என்று முடிவானது. விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம் இவற்றை விலக்கினால் போதும். அந்தியோகியாவிலோ பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எந்திரிச்சு விலகினார். யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. எந்திரிச்சார், அவ்வளவுதான். அதற்கே பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டார், மாய்மாலம் என்றார். இந்த இடம் வந்தா மட்டும் நம்ம அய்யாமாருக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

யூதச் சட்டத்தைச் சாதியோடு ஒப்பிடுவதே யூதருக்குச் செய்யும் அநியாயம். எகிப்தில் அடிமையாகக் கிடந்ததை மறக்காதே என்று தன் ஜனத்துக்குச் சொல்லும் சட்டம் அது. புறஜாதியானுக்கும் அதில் வாசல் இருந்தது. கத்தி வலிக்கும், ஆனால் உள்ளே போகலாம். பறையனை வெள்ளாளனாக்கும் கத்தியை எந்தப் பட்டறையில அடிக்கிறான், சொல்லுங்க?

தஞ்சாவூர்ச் சபையில் நடந்தது என்ன? உட்காருவதற்கு வேறு வேறு பக்கம். திருவிருந்தில் வெள்ளாளர் முதலில், பறையர் பிறகு. சில சபைகளில் கிண்ணமே ரெண்டு. டீக்கடை வருவதற்கு முன்னாலேயே ரெட்டைக் குவளையைக் கோயிலில் வைத்துப் பழகியிருக்கிறார்கள்! நம்ம கை நட்ட நெல்லு அவர் வீட்டு உலையில் வேகலாம். நம்ம உதடு பட்ட கிண்ணம்தான் தீட்டு.

1820-களில் இளைய மிஷனரிகள் இதில் கை வைத்தபோது எதிர்த்தவர் வேதநாயக சாஸ்திரியார். ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், பெரும் புலவர். மிஷனரிகளின் கொடுமைகள் நான்கு என்றார்: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளைக் கலப்பது, பூவைத் தடுப்பது, பாட்டைத் தடுப்பது. பூவுக்கும் பாட்டுக்கும் அவர் போட்ட சண்டை நியாயம். வெள்ளைக்காரன் திமிர் அதில் இருக்கிறது. ஆனால் நம் உதட்டையும் மல்லிகைப் பூவையும் ஒரே பட்டியலில் சேர்த்தாரே, அங்கேதான் பண்பாடு என்ற பேரில் சாதி ஒளிகிறது. இன்றைக்கும் அப்படியே ஒளிகிறது.

1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே, முழுசாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். துரைக்கு நான் பஜனை பாடப்போவதில்லை. ஆனால் தஞ்சாவூர் வெள்ளாளர்கள் என்ன செய்தார்கள்? பேதுரு மாதிரி எந்திரிச்சார்கள். பிறகு வந்த லைப்சிக் மிஷன், சாதியை லௌகீக ஆசாரம் என்று சொல்லி அவர்களுக்குப் பாய் விரித்தது.

இதற்கும் நூறு வருஷம் முன்னால் நம்மாள் ஒருவர் இருந்தார். ராஜநாயக்கன், பறையர், தஞ்சை ராஜாவின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் 1714-இல் அச்சான நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் கையில் கிடைக்க, படித்தே மனம் மாறியவர். எருசலேம் தீர்ப்பு அந்த நடபடிகளில்தான் இருக்கிறது. தஞ்சாவூர்ச் சீமையில் சபையை வளர்த்த உபதேசியார் அவர். 1741-இல் இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேடியபோது அவர் பேரும் அடிபட்டது. பறையன் கையால் வெள்ளாளர் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று தள்ளிவிட்டார்கள். 1771-இல் சாகும்வரை உபதேசியார்தான். அவர் வளர்த்த சபையில் அப்பம் பிட்டுக் கொடுக்க மட்டும் அவருக்குக் கை இல்லை.