பித்தம் என்ற சொல்லும் பித்தப்பையின் அழற்சியும்

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழாக்குவோருக்குப் புதிய சொற்களைக் காட்டிலும் பழகிய சொற்களே மிகுந்த இடையூறு விளைவிக்கின்றன. திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலகத்தில், பித்தப்பையின் கடும் அழற்சி குறித்த குறிப்பொன்றைத் தமிழாக்கி, ஊழியர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். "பித்தம்தானே சார்? இஞ்சிச் சாறு குடித்தால் தணிந்துவிடும்" என்றார் அவர். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆயினும் அவரைச் சென்றடைந்த பொருள் வேறு.

தலைச்சுற்றல், வாய்க்கசப்பு, குமட்டல் அனைத்தையும் பித்தம் என்றே வழங்குகிறோம். மலையாளத்திலும் இவ்வுறுப்பின் பெயர் பித்தாசயம் என்பதே. மேலும், மேல்வயிற்றில் தோன்றும் வலி எதுவாயினும் அதனைக் 'கியாஸ்' என்று ஒதுக்கிவிடும் வழக்கமும் இங்கு வேரூன்றியுள்ளது. இதனால் நோயாளி இழப்பது காலத்தை.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைக்கும் சிறு பையே பித்தப்பை. அதன் வாயிற்குழாயைக் கல் அடைத்துக்கொள்வதே, பத்தில் ஒன்பது பேருக்கு இவ்வழற்சியின் காரணமாகும். கல்லினால் வரும் சாதாரண வலி சில மணி நேரத்தில் நீங்கும். வலது விலாவின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தோன்றி, 6 மணி நேரத்திற்கு மேலும் நீங்காது, வலது தோளுக்கோ முதுகுக்கோ பரவி, ஜுரமும் வாந்தியும் சேருமாயின் அழற்சியை ஐயுற வேண்டும். விலாவின் கீழ் அழுத்தியவாறு ஆழ மூச்சிழுக்கச் சொன்னால், வலியால் மூச்சு இடையில் நின்றுவிடும். இது மர்ஃபி குறி எனப்படும். முதியோரிடமும் நீரிழிவு உள்ளோரிடமும் குறிகள் மங்கலாக இருக்கும். பை அழுகுவதோ துளைபடுவதோ அவர்களிடமே அதிகம். மாரடைப்பும் மேல்வயிற்று வலியாகத் தோன்றக்கூடும் என்பதால் இருதய மின்வரைபடமும் அவசியம். இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டு பரிசோதனையும் நோயை உறுதி செய்யும்.

உணவை நிறுத்தி, சிரை வழியே நீரும் வலி நீக்கும் மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தருவது முதற்சிகிச்சை. பையை அகற்றுவதே முடிவான பரிகாரம். 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் இதனை முதன்முதலாகச் செய்தார். வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் முறையை 1990-ல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா நம் நாட்டில் தொடங்கினார். அழற்சி தணிந்தபின் பல வாரம் கழித்தே சஸ்திர சிகிச்சை செய்யலாம் என்பது பழைய கொள்கை. 2013-ல் வெளிவந்த, 618 நோயாளிகள் பங்கேற்ற ஆராய்ச்சியொன்று இதனை மாற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 24 மணி நேரத்திற்குள் சிகிச்சை பெற்றோரில் 11.8 சதவீதத்தினருக்கும், காத்திருந்தோரில் 34.4 சதவீதத்தினருக்கும் நோய்த் தொல்லைகள் நேர்ந்தன. சஸ்திர சிகிச்சையைத் தாங்க இயலாதவர்க்குக் குழாயிட்டுப் பித்தநீரை வடிப்பதும் உண்டு.

1951 முதல் மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கிவரும் நகரம் திருவனந்தபுரம். இங்கு சிகிச்சைக்குக் குறைவில்லை. நோயாளி காலத்தில் வந்து சேர்வதே அரிது. ஆகவே எனது கருத்து இது: சுகாதார அறிவிப்புகளில் நோயின் பெயரை முன்னிறுத்தாமல், 'வலது விலாவின் கீழ் 6 மணி நேரம் நீங்காத வலி, ஜுரம்: உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க' என்று தொடங்குதல் வேண்டும். களப்பணியாளர்கள் வீடுதோறும், ஆசிரியர்கள் வகுப்பில் உடற்கூறு கற்பிக்கும்போதும் இவ்வொரு வாக்கியத்தைச் சொல்லி வைத்தால், இஞ்சிச் சாற்றில் கழியும் இரவுகள் குறையும்.