வந்தவர் யார்? இருந்தவர் யார்?

மண்ணின் மைந்தர் எவர், வந்தேறிகள் எவர் என்னும் வழக்கு நமது தேசத்தில் ஓய்ந்தபாடில்லை. அவ்வழக்கில் மரபணு சாஸ்திரத்தையும் இப்போது சிலர் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கின்றனர். அந்தச் சாட்சியைக் கேட்குமுன், கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்த திருநாவலூரைச் சற்று நோக்குவோம்.

949-ம் ஆண்டில் தக்கோலத்தில் மடிந்த சோழ இளவரசன் இராஜாதித்தன் அதற்கு முன் இவ்வூரில் பாளயமிறங்கியிருந்தான். அவனது சேனையில் சேர நாட்டு வீரர் பலர் இருந்தனர். இவ்வூர்ச் சிவாலயத்திற்கு அவர்கள் அளித்த தானங்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகளோ, தம் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். (பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தார் என மயங்க வேண்டாம்.) சர்க்கார் ஏட்டில் இவர்கள் பழங்குடியினர். அப்பெயரால் இவர்களுக்குள்ள உரிமையை நாம் சிறிதும் ஆட்சேபிக்கவில்லை. பழங்குடியினரும் வந்த கதை சொல்லும் நாட்டில், வந்தேறியென்று எவரைச் சுட்டுவது என்பதே நம் வினா.

சாஸ்திரம் சொல்வதும் இதற்கு மாறன்று. ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு நிலையத்தாரும் ஹார்வர்டு நிபுணர்களும் 73 சமூகத்தாரின் மரபணுக்களை ஆராய்ந்து 2013-ல் தம் முடிவை வெளியிட்டனர். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன் வரை, இரு பூர்விகக் கால்வழிகள் இத்தேசமெங்கும் கலந்தன. பின்னர் அவரவர் ஜாதிக்குள்ளேயே விவாகம் என்னும் கதவு அடைபட்டது என்பது அதன் சாரம். கலப்பினால் கெட்டவர் எவருமிலர். கதவடைத்ததன் பலனையே நாம் அனுபவிக்கிறோம். தெற்காசியாவில் 260-க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்த 2017-ம் ஆண்டு வெளியீடொன்று, அவற்றுள் 81-ல் முன்னோர் தொகை மிகக் குறுகியிருந்ததென்றும், அதனால் அரிய பரம்பரை நோய்கள் அங்கே பெருக இடமுண்டென்றும் எச்சரிக்கிறது. அவற்றுள் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டவை! ஜனத்தொகை பெரிதென்பதால் அச்சமில்லை என்று எண்ணுவதற்கில்லை.

திருநாவலூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனார் ஆதிசைவ அந்தணர். அவரை வளர்த்தவர் சிற்றரசரான நரசிங்க முனையரையர். சுந்தரர் மணந்த பரவையார் உருத்திர கணிகையர் குலத்தவர்; சங்கிலியார் வேளாளர் குலத்தவர். சுந்தரர் குருபூஜைக்குத் திரளும் அன்பர்கள், தம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேடுகையில் இதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

அரிவாளணு நோய் 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. அதை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது 2023-ல்தான்! இடையில் எழுபது ஆண்டுகள் கழிந்தன. மலைகளில் இரத்தம் எடுப்பவர்கள், முடிவை அக்குடும்பத்தாரிடமே தெளிந்த தமிழில் கூற வேண்டும். நோய் கண்டால், சிகிச்சைக்காக அவர்கள் மலையிறங்கி நெடுந்தூரம் அலையாதவாறு மருந்தும் வைத்தியரும் வெள்ளிமலையிலேயே கிடைக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.