பூச்சுக்குள் இருக்கும் துரு



மழைக்காலம் ஓய்ந்து தை மாதம் பிறந்தவுடன் நம்முடைய தோணிரேவிலும் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் வீட்டு மராமத்து வேலைகள் தொடங்கிவிடுகின்றன. அதற்குச் சில மாதங்களுக்குப் பின் இரண்டு விதமான முறையீடுகள் ஒரு போதகனிடம் வந்து சேருகின்றன. ஒன்று, "தளத்தைப் பூசி ஆறு மாதம்கூட ஆகவில்லை, காரை மறுபடியும் பெயர்ந்து விழுகிறது, பணம் வாங்கியவர் போனை எடுப்பதில்லை" என்பது. மற்றொன்று, "வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன், மீதிக் கூலி இன்னும் கைக்கு வரவில்லை" என்பது. சில வேளைகளில் இவ்விரண்டும் ஒரே வீட்டைப் பற்றியவை. முறையிடுகிற இருவரும் ஒரே ஆராதனையில் அமர்ந்திருப்பவர்கள்.

சிறிய ஊரில் கொத்தனார் என்பவர் அந்நியர் அல்லர். மாமனாகவோ மைத்துனனாகவோ, நம் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகவோ இருப்பார். ஆகவே நம்மில் சிலர் ஒன்றும் பேசாமல் விழுங்கிக்கொள்ளுகிறார்கள். அதற்குக் கிறிஸ்தவப் பொறுமை என்று பெயரும் சூட்டுகிறார்கள். வேறு சிலர் அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் தெருவெங்கும் பேசி, கூலியையும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதே என் கருத்து. முதலாவது வழி பக்தியைப் போலத் தோன்றுவதால் அதையே அதிக ஆபத்தானதாக எண்ணுகிறேன்.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏழைகளுக்காக அரசு கட்டிய புதிய வீடுகளின் சுவர்ப்பூச்சு, கையால் தேய்த்த அளவிலேயே உதிர்ந்தது. அங்கே குடியேறியவர்கள் அதைக் கேமராவின் முன் தேய்த்துக் காட்டினார்கள். அதன் பிறகே சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். பொறியாளர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தத் தாய்மார்கள் பொறுமை அற்றவர்கள் என்று எவரும் சொல்லத் துணிவாரோ? அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் காரை பிள்ளைகளின் தலையில் விழுந்திருக்கும். நீங்கள் பேசாமல் விட்டுவிடும் பழுதான வேலையும் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டின் தளத்தையும் அதே கை, அதே விதமாகவே பூசும்.

ஆயினும் பேசுவதற்கு முன் என்ன பழுது என்பதை அறிந்திருக்க வேண்டும். நம்முடைய ஊர் உப்பினால் சூழப்பட்டது. ஏரியும் உப்பு, காற்றும் உப்பு, பல இடங்களில் கிணற்று நீரும் உப்பு. உப்பு கான்கிரீட்டின் வழியே கசிந்து உள்ளிருக்கும் கம்பியை எட்டும்போது கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளேயிருந்து நெருக்குவதால்தான் தளத்தின் அடிப்பக்கம் வெடித்துப் பாளம் பாளமாய் விழுகிறது. இதனாலேயே கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலைக் கடுமையானது என வகுத்து, கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்றும் வரையறுக்கிறது. கடல்நீரில் அது ஏறக்குறைய 19,000.

விழுந்த இடத்தில் புதுச் சிமெண்டை அப்பி, வெள்ளையடித்துவிட்டுப் போனால் அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. கம்பியின் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுக்கவேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கவேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் பதில் புதிது சேர்க்கவேண்டும். துருத்தடுப்புப் பூச்சு அடிக்கவேண்டும். நல்ல நீரில் கலவை போட்டு, குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் நனைக்கவேண்டும். இதற்குச் செலவு கூடும். இங்கேதான் வீட்டுக்காரர் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "கொத்தி எடுக்கவேண்டும், இவ்வளவு ஆகும்" என்று அவர் சொன்னபோது, "அதெல்லாம் வேண்டாம், மேலே பூசிவிடு போதும்" என்றது யார்? நனைப்பதற்கு வீட்டுக் கிணற்றின் உப்புநீரைக் காட்டியது யார்? அப்படியானால் அந்தப் பழுதைக் கொத்தனார்மேல் சுமத்துவது நியாயமல்ல. அவர் துருவைக் கண்டும் உங்களிடம் சொல்லாமல் மூடியிருந்தால், அது அவருடைய குற்றமே. சும்மா பூசினதற்கும் மறைத்துப் பூசினதற்கும் வேறுபாடு உண்டு.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் வேதவாசிப்பில் வேகமாய்க் கடந்துபோகிறோம். சுவரில் பச்சையும் சிவப்புமாய்க் கறை தோன்றிய ஒரு வீட்டைக் குறித்து அங்கே எழுதியிருக்கிறது. வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய், தன் வீட்டில் ஏதோ இருப்பதாகத் தனக்குத் தோன்றுகிறது என்ற அளவிலேயே சொல்லவேண்டும், தீர்ப்பு அவனுடையதன்று. ஆசாரியன் வந்து, கறை மேலாக இருக்கிறதா, சுவருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறான். ஏழு நாள் காத்திருந்து மறுபடியும் பார்க்கிறான். படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே போட்டு, உட்புறத்தைச் சுற்றிலும் செதுக்கி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைக்கவேண்டும். கறையின்மேல் பூசி மறைப்பதற்கு அங்கே இடமேயில்லை. அந்தக் கறை இன்னதென்று எனக்கு விளக்கம் சொல்ல வராது. ஆனால் அந்த ஒழுங்கு நம் ஊர்ச் சுவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே "எனக்குத் தோன்றுகிறது" என்றே தொடங்குங்கள். முதலில் அவரிடமே போங்கள், தனியாக. போனில் வேண்டாம், வீட்டிற்கு அழைத்து, விழுந்த இடத்தைக் காட்டி, "அண்ணே, இது ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேளுங்கள். மத்தேயு 18இல் கர்த்தர் காட்டிய படிகள் அவையே. அவர் ஒத்துக்கொண்டு மறுவேலை செய்ய வந்தால், அந்த நாட்களில் அவர் இழக்கும் கூலியை நினைத்து, புதுப் பொருளின் விலையையாவது பகிர்ந்துகொள்வது தகும். மறுத்தால், வேறொரு மூத்த கொத்தனாரை உடன் அழையுங்கள். சகோதரர்கள் வழக்காடுவதைக் குறித்துப் பவுல் கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டபோது, அநியாயம் செய்யப்பட்டவன் வாய்மூடிப் போகவேண்டும் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. இருவருக்கும் நடுவே தீர்க்கத்தக்க விவேகி உங்களுக்குள் ஒருவன்கூட இல்லையா என்பதே அவருடைய கேள்வி. தளத்தின் பழுதைத் தீர்ப்பதற்கு ஏற்ற விவேகி போதகன் அல்லன், கரணை பிடித்தவனே.

இனி கூலியைப் பற்றி. உபாகமம் 24ஆம் அதிகாரம் ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்லுகிறது. வேலை நன்றாயிருந்தால் என்ற நிபந்தனை அங்கே இல்லை. காரணம் எளிது: அந்தப் பணத்தில்தான் அன்றிரவு அவன் வீட்டில் உலை ஏறுகிறது. மேஸ்திரிமேல் உள்ள கோபத்தில் நீங்கள் நிறுத்தும் பணம் முதலில் தட்டுவது சித்தாளின் வயிற்றை. தலையில் கலவை சுமந்த அந்தச் சகோதரி உங்கள் தளத்தின் துருவுக்கு எவ்விதத்திலும் பொறுப்பாளி அல்லள். அப்படியானால் வீட்டுக்காரருக்கு என்ன பிடிமானம் உண்டு? வேலை தொடங்குமுன்னே பேசிக்கொள்வது ஒன்றே. பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் தொகையில் ஒரு பங்கை முன்கூட்டியே பேசி, பழுது வெளிப்படும் காலம் கழியும்வரை நிறுத்திவைப்பது வழக்கம். நாமும் அப்படியே, "மேஸ்திரியின் பங்கில் இவ்வளவு அடுத்த மழைக்குப் பின்" என்று இருவரும் ஒத்து எழுதிக்கொள்ளலாம். அது கூலியைப் பிடித்துவைப்பது அன்று. பேசாமல் பிற்பாடு பிடித்துவைப்பதே அநியாயம்.

2 இராஜாக்கள் 12இல் யோவாஸ் ராஜாவின் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்த்த விதத்தை வாசியுங்கள். ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் வேலை நடக்கவில்லை. பணம் நின்றுபோனது வேலைக்காரரிடத்தில் அல்ல, ஆசாரியரிடத்தில். (இந்தப் பகுதியின்மேல் நாங்கள் அதிகம் பிரசங்கிப்பதில்லை.) அதன் பின்பு யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைத்தான், சேர்ந்த பணத்தை இருவர் எண்ணிக் கட்டினார்கள், அது தச்சரிடத்துக்கும் கொத்தரிடத்துக்கும் தாமதமின்றிப் போயிற்று. அந்த மனிதர் உண்மையாய் நடந்ததால் அவர்களிடத்தில் கணக்குக் கேட்கப்படவில்லை. எண்ணுவதில் ஒழுங்கு வந்த பின்னரே கணக்குக் கேளாத நம்பிக்கை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவும் செய்தபின் பயனில்லை என்றால் சட்டத்தின் கதவைத் தட்டுவது பாவம் அல்ல. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுது நேர்ந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். ஆனால் ஒருவரை உங்கள் சொற்படி வேலை செய்கிற ஆளாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு அந்தச் சட்டத்தின் "சேவை" என்ற சொல்லுக்குள் வராது. மொத்தமாய்ப் பேசி ஒப்படைத்த வேலைக்கே அது பொருந்தும். அதற்கும் ஒரு துண்டுத் தாளாவது கையில் இருக்கவேண்டும்.

இந்தத் தையில் மராமத்து வேலை தொடங்க நினைத்திருக்கிறவர்கள், செய்யப்போகும் கொத்தனாரையும் கூட அழைத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாருங்கள். என்ன வேலை, என்ன பொருள், எந்தத் தண்ணீர், எவ்வளவு பணம், எப்போது என்று இருவர் வாயாலும் கேட்டு எழுதித் தருகிறேன். இரண்டு பிரதியாக.