உழைப்பும் கொடையே

ஊர்ப் பள்ளிக்கூடம் யாருடையது? அரசினருடையது என்பர் சிலர். அதிபருடையது என்பர் வேறு சிலர். ஒழுங்கையால் நடந்து அங்கே செல்லும் ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்டால், "எங்கட பள்ளிக்கூடம்" என்று சொல்லும். குழந்தை சொல்வதே மெய். அம்மெய்யை வளர்ந்தோராகிய நாம் எவ்வளவுக்குப் போற்றுகின்றோம் என்பது இன்று சிந்திக்கத் தக்கது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் ஆரம்ப பாடசாலைகள் பல ஊரவர் முயற்சியாற் பிறந்தவை. உதவி நன்கொடை பெற்ற பள்ளிக்கூடங்களிலே ஆசிரியர் வேதனத்துக்கு அரசினர் பணம் வழங்கினர். நிலமும் கட்டடமும் தளபாடமும் முகாமையாளரும் ஊரவரும் தேடிக்கொள்ள வேண்டியவையாயின. ஒருவர் காணி கொடுத்தார். மற்றொருவர் பனைமரம் தறித்துக் கொடுத்தார். பெண்டிர் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைத்தனர். மாரிக்கு முன்னே கிடுகு பின்னிக் கூரை வேய்ந்தோர் எத்தனை பேர்! 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் இப்பள்ளிக்கூடங்களுட் பெரும்பாலானவை அரசினர் கைக்கு மாறின. பெயர்ப்பலகை மாறிற்று, கிணறும் வேலியும் மாறவில்லை. ஆயினும், 'இனி எல்லாம் அரசினர் பாடு' என்னும் எண்ணம் மெல்ல மெல்ல நம்மிடையே புகுந்துவிட்டது.

பழமையைப் போற்றுங்கால் அதன் குறையை மறைத்தல் அறமன்று. கூரை வேய்ந்தவரின் பிள்ளைக்கு அக்கூரையின் கீழே சமமான ஆசனம் மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. 1930 ஆம் ஆண்டையொட்டி, நன்கொடை பெறும் பள்ளிகளிற் சமாசனம் வேண்டுமென அரசினர் வற்புறுத்தியபோது, அதனை எதிர்த்தோரும் நம்மவரே. உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைத்தவரைப் புறத்தே நிறுத்தல் நமக்குப் புதிதன்று.

அப்பாகுபாடு இன்று பணத்தின் வேடம் பூண்டு வருகின்றதோ என அஞ்சுகின்றோம். ஓர் ஆரம்ப பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். நிதி உதவியோர் பெயர்கள் தொகையோடு வாசிக்கப்பட்டன. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் பெயரும் அவற்றுள் இருந்தன. நன்றி கூறல் நன்றே. ஆனால், அதற்கு முந்திய சனிக்கிழமை அப்பள்ளிக் கிணற்றை இறைத்துச் சேறு வாரியவர் ஒரு கூலித் தொழிலாளர். ஒரு நாட் கூலியை இழந்தே அவர் வந்தார். மூன்றாம் வகுப்பிற் பயிலும் அவர் மகள், பட்டியல் முடியும்வரை நிமிர்ந்திருந்து கேட்டாள். முடிந்ததும் தலை குனிந்தாள். அன்று அவள் கற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. நாமும் அம்மேடையிலே இருந்தோம், நாமும் வாளாவிருந்தோம்.

சிரமதானம் என்னுஞ் சொல்லை நோக்குக. சிரமம் என்பது உழைப்பு. தானம் என்பது கொடை. 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் கனத்தொலுவ என்னுங் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அவ்வூராரோடு கூடி உழைக்கச் செய்தார். அங்கே மண்வெட்டி பிடித்த கை எதுவாயினும் அது கொடுக்குங் கையே. அக்கருத்தை விடுத்து, நிழற்படம் எடுக்கும் ஒரு நாட்சடங்காக அதனை ஆக்கிவிடலாகாது.

ஆதலின், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரை வேண்டுகின்றோம். பணம் தந்தார் பெயரையும் நாள் தந்தார் பெயரையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். தொகை கூறாது அகரவரிசையில் வாசியுங்கள். கூலிக்குச் செல்வோரும் வரத்தக்க பொழுதிற் கூட்டம் வையுங்கள். கதை சொல்லத் தெரிந்த ஆச்சிக்கும், ஓலை பின்னத் தெரிந்த அப்புவுக்கும், பயிரின் நோயறிந்த தோட்டக்காரருக்கும் மாதத்தில் ஒரு மணி நேரமாவது வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இவை உதவுமா என வினவுவோர் உளர். உதவாமற் போகலாம். ஆயின், தன் வீட்டாரின் அறிவும் அறிவே என்பதைக் குழந்தை உணர்ந்துகொள்ளும். அவ்வுணர்ச்சியின்றிப் பெறும் கல்வி பிள்ளையை ஊரிலிருந்து பிரிக்குமேயன்றி ஊரை உயர்த்தாது.

கொடுக்கப் பணமில்லாத தாயொருத்தி கூட்டத்துக்கு வரக் கூசி வேலியோரத்தில் நிற்பாளாயின், அது இன்னும் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆகவில்லை. "எங்கட பள்ளிக்கூடம்" என்று குழந்தை சொல்லுஞ் சொல்லை, அதன் தாயும் தலைநிமிர்ந்து சொல்லும் நாளையே நாம் வேண்டுகின்றோம்.