லயத்துப் பிள்ளையை யார் தேடுவது?

விடியுமுன்னே போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை ஏலக்காடுகளில் நம் பெண்களை இறக்குகின்றன. சில குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு அங்கேயே லயத்தில் தங்குகின்றன. வேலை முடிஞ்சா லயத்தைக் காலி பண்ணணும். கீழேயும் சொந்தக் கூரை கிடையாது. நடைபாதையில் படுப்பவர் மட்டும்தான் வீடற்றவரா?

பள்ளிக்கு வராத பிள்ளைக்கு 'இடைநிற்றல்' என்று எழுதிவிடுகிறார்கள். தேடிப் போனது யார்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை. மாற்றுச் சான்றிதழ் தாமதமென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. (சட்டத்துக்கு ஜீப்பில் இடம் கிடைக்கலை போலும்.) 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. இல்லமே இல்லாத பிள்ளையை எங்கே போய்த் தேடும்?

ஆதிதிராவிடர் நல விடுதி இருக்கே என்பார்கள். சோறு போடுது, சரி. கணக்கு புரியலைன்னா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, ஒரு வாரம் காணோம்னா ஆத்தாளிடம் போய் விசாரிக்க அங்கே யார் இருக்கா? சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர், சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு தங்குமிடமும் வேண்டுமென்று அன்றைக்கே உணர்ந்தவர்.

நாம் கேட்பது இதுதான்: பத்துப் பிள்ளைக்கு ஒருவராக, சேரியில் படித்த இளைஞர்களைச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த லயத்தில் இருக்குன்னு அவர் கையில் கணக்கு இருக்கணும். அரசு போடும்வரை ஞாயிறுதோறும் நாமே உட்காருவோம். படித்த தோழர்கள் போடிக்கு வாருங்கள்.