விமானங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி?

விமான நிலையத்தை நெருங்கிய பிறகும் தரை இறங்காமல் விமானம் வானில் வட்டமிட்டால் பிரயாணிகள் பொறுமை இழக்கிறார்கள். மும்பையில் இது பலருக்கும் பழகிப்போன அனுபவம். அங்குள்ள பழைய விமான நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டு. ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் இரண்டிலும் ஒரே சமயத்தில் விமானங்களை இறக்க முடியாது. ஒரே பாதையில் இன்னும் நெருக்கமாக இறக்கினால் என்ன? அதைத் தடுப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சுழல்காற்று.

பறக்கும் விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இறக்கை நுனிகளில் கீழ்க்காற்று மேல்நோக்கிச் சுருண்டு, விமானத்தின் பின்னால் இரண்டு புரிகளாகச் சுழன்றபடி மெல்லத் தாழ்கிறது. விமானத்தின் எடை கூடக்கூட, வேகம் குறையக்குறைய, இந்தச் சுழலின் வலிமை கூடும். பின்னால் வரும் சிறிய விமானம் அதில் சிக்கினால் ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். நல்ல உயரத்தில் என்றால் சமாளிக்க இடமுண்டு; தரைக்குச் சில நூறு அடி மேலே அதற்கு வழியில்லை. பலத்த காற்று சுழலைக் கலைத்துவிடும். காற்று அமைதியாக உள்ள நாளில்தான் ஆபத்து நெடுநேரம் நீடிக்கிறது.

1972 மே மாதம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டி.சி.-10 என்ற பெரிய விமானத்தின் பின்னால் பயிற்சிக்காக இறங்க வந்த டி.சி.-9 விமானம் புரண்டு விழுந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். 2008 நவம்பரில் மெக்ஸிகோ நகரில், போயிங் 767 விமானத்தைத் தொடர்ந்து இறங்க வந்த சிறிய ஜெட் விமானம் சாலையில் விழுந்தது. அந்நாட்டு உள்துறை அமைச்சர் மௌரினோ அதில் உயிரிழந்தார். இருக்கவேண்டிய 5 கடல் மைல் இடைவெளி, 4 மைலுக்குச் சற்றே கூடுதலாகச் சுருங்கியிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. சாலையில் இருந்தவர்களும் பலியாயினர்.

136 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள கனரக விமானத்தின் பின்னால், ஏர்பஸ் 320 போன்ற நடுத்தர விமானம் 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி வரவேண்டும். சிறிய விமானத்துக்கு 6 கடல் மைல். நெடுங்காலமாக இருந்துவரும் சர்வதேச முறை இது.

பிரயாணிகள் பெருகுகிறார்கள், ஓடுபாதைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆகவே இடைவெளியைக் குறைக்கும் யோசனைகள் எழுவது இயல்பே. லண்டன் ஹீத்ரோவில் 2015 முதல், எதிர்க்காற்று பலமாக வீசும்போது தூரத்தைக் கொண்டல்லாமல் நேரத்தைக் கொண்டு இடைவெளி நிர்ணயிக்கிறார்கள். அத்தகைய காற்றில் சுழல் விரைவில் கலைகிறது என்பதைப் பல்லாயிரம் விமானங்களை அளந்து பார்த்த பிறகே இந்த முறை வந்தது.

அளந்து பார்த்துக் குறைப்பது வேறு. அவசரத்துக்காகக் குறைப்பது வேறு. வானில் வட்டமிடும் பத்து நிமிடங்கள் வீணான நேரம் அல்ல.