விதி எழுதுகிறவர்கள் காரையையும் எழுத வேண்டும்

தமிழ்நாடு சட்டமன்றம் 2012-இல் நிறைவேற்றிய பாரம்பரிய ஆணையச் சட்டம் 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவே 2017-இல் ஒரு திருத்தம் வந்தது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பான ஒரு தீர்ப்பும் அளித்தது. கூரை ஒழுகத் தொடங்கிய ஒரு கட்டடம் இடிந்து விழ 12 ஆண்டு தாராளமாகப் போதும். அந்தக் காலம் போனது போனதுதான். இனி வரவேண்டியவை விதிகள், படிவங்கள், தரப்பிரிவுகள், உள்ளாட்சிகளுக்கும் திட்டக் குழுமங்களுக்குமான நடைமுறைகள். துறையில் இருப்பவர்களின் அன்றாட வேலையைச் சட்டத்தின் பிரிவுகளைவிட இவைதான் அதிகம் தீர்மானிக்கும். எனவே விதிகள் அரசிதழில் அச்சாவதற்கு முன்பே துறை தன் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த இதழ் ஆணையத்தை வரவேற்கிறது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் வெளியே நிற்கும் கட்டடங்களுக்கு இதுவரை மாநிலம் முழுவதற்குமான சட்டக் காவல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஆணையம் எதைக் காக்கப்போகிறது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

2021 தீர்ப்பு, 2015-இல் ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஆசிரியருக்கு வந்த வாசகர் கடிதத்திலிருந்து பிறந்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவற்றில் பெரும்பகுதி கோயில்களையும் சிலைகளையும் அறநிலையத் துறையையும் பற்றியது. ஆணையத்தை உடனே அமைக்க வேண்டும் என்பதே நகரக் கட்டடங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதில் கிடைத்த முக்கியமான வரி. நீதிமன்றம் அவ்வளவு அழுத்தமாகச் சொன்ன பிறகும் சட்டம் உயிர்பெற இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆனது. தாமதத்துக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

சென்னைக்காரர்களுக்கு அதைவிட நெருக்கமானது 2010 ஏப்ரல் தீர்ப்பு. அண்ணா சாலையில் 1897-இல் டபிள்யூ.இ. ஸ்மித் மருந்து நிறுவனத்துக்காக எழுந்த கார்டில் கட்டடம் பின்னால் பாரத் இன்சூரன்ஸ் கையில் வந்து, காப்பீடு தேசியமயமானபோது எல்.ஐ.சி.க்குப் போனது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்றது. நீதிபதிகள் பிரபா ஸ்ரீதேவன், டி.எஸ். சிவஞானம் அமர்வு இடிப்பைத் தடுத்தது. விளம்பரப் பலகைகள் தொடர்பாக நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்திருந்த பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கும் பாதுகாப்பு தந்தது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமையவும் வழி செய்தது. சென்னையில் இன்றைக்கு ‘பட்டியலிட்ட கட்டடம்’ என்று சொல்ல முடிவதே அந்தத் தீர்ப்பால்தான். ஆனால் எந்தக் கட்டடத்துக்காக வழக்கு நடந்ததோ, அது தீர்ப்பு வந்து பத்தாண்டு கடந்தும் செப்பனிடப்படவில்லை. இடிக்கக் கூடாது என்ற தடை மழையை நிறுத்தாது. பராமரிக்கும் கடமையை உரிமையாளர் மீது சுமத்தி, தவறினால் என்ன நடக்கும் என்று சொல்லாத விதி, கட்டடத்தைத் தானாக விழவிடுவதற்கான அனுமதியாகவே முடிகிறது.

பட்டியல் பெரும்பாலும் நிறுவனக் கட்டடங்களையே பார்க்கிறது என்பது இரண்டாவது குறை. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் தனித்தனியாக எந்த வீடும் முதல் தரத்துக்குத் தேறாமல் போகலாம். தெருவாகச் சேர்ந்தால் அவற்றுக்கு ஈடு கிடையாது. 1995-இல் மும்பைக்காக மகாராஷ்டிரம் கொண்டுவந்த ஒழுங்குமுறை, கட்டடங்களை மூன்று தரங்களாகப் பிரித்ததோடு வட்டாரங்களையும் பட்டியலில் சேர்த்தது. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்தபோது, திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூண்களும் ஒரு தொடராகத் திரும்பக் கிடைத்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் வந்தது. வட்டாரத்தை அலகாகக் கொள்ளாத விதி தமிழ்நாட்டுக்கு உதவாது. இதில் துறைக்குள் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை என்பதால் மேலே விரிக்கத் தேவையில்லை.

கருத்து வேறுபாடுகூட எழாமல் எல்லோரும் கடந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. கட்டடம் எதனால் கட்டப்பட்டதோ, அந்தப் பொருளும் அந்தக் கைவேலையும்தான் அது.

அனுமதிக்கு வரும் வரைபடத்தில் முகப்பும் உயரமும் ஜன்னல் அளவும் இருக்கின்றன. சுவரை எந்தச் சாந்தால் இழைக்கப்போகிறார்கள், கூரை எதன்மேல் நிற்கப்போகிறது என்று கேட்பார் இல்லை. சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசினால் செங்கலுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. உப்பு பூத்துச் செங்கலின் முகம் பொரிந்து உதிர்கிறது. கடற்காற்று அடிக்கும் நகரில் இது இன்னும் வேகமாக நடக்கும். இதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளியைத் தயாரிக்கும் அலுவலகங்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது, ஆண்டுதோறும், புதிதாக மாறி வரும் ஒவ்வொரு பொறியாளருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் என்று ஊர் பெயரையே தாங்கிய கூரையை எடுத்துக்கொள்ளலாம். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைக் குத்துவாட்டில், சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேலே தட்டோடு. அந்த அடிதான் கூரையை மழை தாங்க வைக்கிறது. இன்றைய விலைப்புள்ளி அதை ‘பழைய கூரையை அகற்றிக் கான்கிரீட் தளம் இடுதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. முகப்பு அப்படியே இருப்பதால் குழுவும் ஆட்சேபிப்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் சுமக்கும்படி கட்டப்படாத பாரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989-இல் லிட்டில் இந்தியா, சைனா டவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகிய வரலாற்று வட்டாரங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. அதன் வழிகாட்டுதல்கள் கூரை ஓடு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதுவரை பேசுகின்றன: மெருகு பூசாத, இயல்பு நிறமுள்ள, வி வடிவச் சுடுமண் ஓடு. வரலாற்று வட்டாரத்தில் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். கடைவீட்டின் காற்றுக்கூடம், மரப்படி, மரத்தளம் ஆகியவற்றுக்கும் விதியில் இடமுண்டு. சிங்கப்பூரின் வட்டாரங்களில் வாடகை ஏறிப் பழைய குடிகளும் கடைகளும் வெளியேறியதை இந்த இதழ் மறக்கவில்லை. ஆனால் எழுதினால் எவ்வளவு நுட்பமாக எழுத முடியும் என்பதற்கு அந்த ஆவணம் சான்று.

அதே சிங்கப்பூரில் 1856 முதல் 1861 வரை எழுந்த புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களில் மெட்ராஸ் சுண்ணம் பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, காய்ந்த பின் படிகக்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கைதிகள். கலவை விவரம் அங்கே ஆவணமாகப் பதிவாகியிருக்கிறது. கலவைக்குப் பெயர் கொடுத்த ஊரிலோ, பட்டியலிட்ட கட்டடத்தில் அதைப் பூசியே ஆக வேண்டும் என்று சொல்லும் ஒரு விதியும் இல்லை.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ், தகுதி தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. சாலைக்கும் மதகுக்கும் அது பொருந்தலாம். அரைவைக்கும் ஊறலுக்கும் ஆறலுக்கும் வாரங்கள் கேட்கும் வேலையில், குறைந்த விலை சொல்பவர் எதைக் குறைக்கிறார் என்பது தளத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பைச் சரியாக நீற்றவிடுவதில்லை. நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்பதற்காக ஈரம் காயும் முன்பே அடுத்த பூச்சு ஏறுகிறது. மூன்று மழைக்குள் அது கழன்று விழும்போது, ‘சுண்ணாம்பு நிற்காது, சிமென்டே நல்லது’ என்று கோப்பில் குறிப்பு எழுதுகிறார்கள். தவறு ஒப்பந்தத்தில், பழி பொருளின்மேல்.

அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பொதுப்பணித் துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே தனிக் கோட்டம் இருக்கிறது. சேப்பாக்கத்தில் பாழாகக் கிடந்த ஹுமாயூன் மஹாலைச் சுண்ணாம்பைக் கொண்டே அது மீட்டெடுத்தது. அந்த வேலையில் கை தேர்ந்த கொத்தனார்களுக்கு அடுத்த வேலை எங்கே? நகரில் ஆண்டுக்கு ஒரு கட்டடம் மட்டும் சுண்ணாம்பு கேட்டால், கொத்தனார் மிச்ச மாதங்களில் சிமென்ட் பூசப் போய்விடுவார். அவர் மகன் அந்தக் கையை எடுக்கவே மாட்டார். பட்டியலிட்ட ஒவ்வொரு அரசுக் கட்டடத்தின் ஆண்டுப் பராமரிப்பிலும் சுண்ணாம்பு கட்டாயமானால்தான் அவர்களுக்கு ஆண்டு முழுதும் கூலி, அரைவைக்காரருக்குத் தொடர்ந்து தேவை, அடுத்த தலைமுறைக்கு ஒரு காரணம்.

பராமரிப்புக்குப் பணமில்லை என்பது வழக்கமான பதில். புதுச்சேரியின் மேரி கட்டடம் 1870-களில் எழுந்தது. ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கியின் உதவியோடு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. விழுவதற்கு முன் கூரைக்கும் சுவருக்கும் கிடைக்காத பணம், விழுந்த பிறகு கிடைத்தது. அதிகாரிகள் திறப்பு விழாவுக்குக் கோப்பு நகர்த்துகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்கை ஒழுகும் கூரைக்குக் காட்டியிருந்தால் நிலைமையே வேறாக இருந்திருக்கும். மாநில எல்லையின் இருபுறமும் இதே கதைதான்.

ஆணையம் தன் விதிகளில் மூன்றைச் சேர்க்க வேண்டும் என்று இந்த இதழ் கோருகிறது. பட்டியலிட்ட கட்டடத்தின் அனுமதி விண்ணப்பத்தோடு, இப்போதிருக்கும் சாந்து, காரை, கூரை பற்றிய ஆய்வும் இடப்போகும் கலவையும் கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும். பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலில் சுண்ணாம்பு வேலைகளுக்கு, அரைக்கவும் ஆறவும் ஆகும் நாட்களைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் திருத்தப்படும் விலை வேண்டும். ஒப்பந்தக்காரரோடு தலைமைக் கொத்தனாரின் அனுபவத்துக்கும் மதிப்பெண் தரும் தேர்வு முறை வேண்டும். இரண்டு உறை முறை ஏற்கெனவே இருக்கிறது, தொழில்நுட்ப உறைக்கு உண்மையான எடை கொடுத்தாலே பாதி வேலை முடியும். தனியார் வீட்டுக்காரர் சுண்ணாம்பில் செப்பனிட்டால் சொத்துவரியில் கழிவு தர மாநகராட்சிகள் முன்வர வேண்டும். சிமென்டுக்கும் சுண்ணாம்புக்கும் இடையிலான செலவு வித்தியாசத்தை ஊருக்காக அவர் ஒருவரே சுமப்பது நியாயம் ஆகாது.

விதிகளின் வரைவைத் தமிழில் வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள் தர வேண்டும். 12 ஆண்டு காத்திருந்தவர்களிடம் இரண்டு வார அவகாசம் கொடுத்துவிட்டுக் கலந்தாலோசித்தோம் என்று கணக்கு எழுதக் கூடாது. கூரைப் பிரிப்பின்போது எடுத்த அளவுகளும் கலவைப் பரிசோதனை முடிவுகளும் பல வாசகர்களின் அலுவலகங்களில் கோப்பாகக் கிடக்கின்றன. வரைவு வெளியானதும் அவற்றை இணைத்தே மனு கொடுக்க வேண்டும். ஆதாரமில்லாத மனுவைத் தள்ளிவிடுவது ஆணையத்துக்கு எளிது.